பார்டர் வரைக்கும் ஓடும்

காரைக்கால்காரன் தமிழ்நாட்டில் பெட்ரோல் போட மாட்டான். இது சட்டமும் இல்லை, வேண்டுதலும் இல்லை. எங்கள் ஊர் புதுச்சேரி மாநிலத்தைச் சேர்ந்தது. கிழக்கே கடல், மற்ற மூன்று பக்கமும் தமிழ்நாடு. அங்கே ஒரு விலை, இங்கே அதைவிடக் குறைந்த விலை. எவ்வளவு குறைவு என்று கேட்காதீர்கள். அது முக்கியமே இல்லை. அரை ரூபாய் குறைவாக இருந்தாலும் நாங்கள் இப்படித்தான் இருப்போம். ஊருக்கு வெளியே பெட்ரோல் போடுவது என்பது, வீட்டில் சோறு வடித்து வைத்துவிட்டு எதிர் வீட்டு வாசலில் தட்டோடு போய் நிற்பது மாதிரி. மானக்கேடு.

அதனால் திருவாரூர், மயிலாடுதுறை, நாகப்பட்டினம் என்று எங்கே போனாலும் திரும்பி வரும்போது எங்கள் வண்டி டேங்கில் ஈரம் மட்டும்தான் இருக்கும். வண்டி இருமும், விக்கும். நாங்கள் டேங்கைத் தடவிக் கொடுத்து, "பார்டர் வரைக்கும் ஓடும்" என்று சொல்லிக்கொண்டே வருவோம். பெரும்பாலும் ஓடிவிடும். ஓடாமல் போன ஒரு நாளைப் பற்றித்தான் எழுதுகிறேன். எழுதும் ஆசை எனக்குக் கிடையாது. ஆனால் என் மனைவி அவள் பாணியில் இதை ஊர் முழுக்கச் சொல்லிவிட்டாள். என் பக்கத்து நியாயத்தை நானும் சொல்லாவிட்டால் வேறு யார் சொல்வார்கள்?

அன்றைக்கு அவளுக்கு நேர்முகத் தேர்வு. கல்யாணத்துக்கு முன்னால் நாகப்பட்டினத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் மூன்று வருடம் வேலை பார்த்தவள் அவள். பிள்ளைகள் பிறந்த பிறகு பதினோரு வருடம் வீட்டோடு இருந்துவிட்டாள். காரைக்காலில் ஒரு ஆஸ்பத்திரி லேபுக்கு ஆள் எடுப்பதாக விளம்பரம் வந்தது. வயது வரம்பு போட்டிருந்தார்கள். அந்த வரம்பைத் தாண்ட அவளுக்கு இன்னும் ஒரே மாதம்தான் இருந்தது. இதை விட்டால் அப்புறம் எந்த விளம்பரமும் அவளுக்குக் கிடையாது. காலை பதினோரு மணிக்குள் அசல் சான்றிதழ்களோடு வந்து பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டும், தாமதமாக வருகிறவர்களைச் சேர்க்க மாட்டோம் என்று தடித்த எழுத்தில் இருந்தது. இரண்டு வாரம் அடுப்படியில் நின்றுகொண்டே படித்தாள். குழம்பு கொதிக்கும் சத்தத்தோடு சேர்ந்து வெள்ளை அணு, சிவப்பு அணு என்று ஏதேதோ காதில் விழும். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அதை அவளிடம் வாய்விட்டுச் சொல்லவில்லை, அது வேறு விஷயம்.

அன்று காலை எட்டேகாலுக்கு ஃபைலை அடுக்கும்போதுதான் அனுபவச் சான்றிதழ் இல்லை என்று தெரிந்தது. முகம் வெளுத்துவிட்டது அவளுக்கு. நாகப்பட்டினத்தில் இருக்கும் அம்மாவுக்கு போன் போட்டாள்.

"பொட்டியிலதான்டி இருக்கு. உன் ஞானஸ்நானச் சீட்டோட சேத்து வச்சிருக்கேன்" என்றார் மாமியார், இது என்ன பெரிய விஷயம் என்கிற குரலில்.

"ஏறு வண்டியில. பத்தரைக்கு ஆஸ்பத்திரி வாசல்ல நிப்போம்" என்றேன் நான்.

"நீங்க மட்டும் போயிட்டு வாங்களேன், நான் படிக்கிறேன்" என்று சொல்ல ஆரம்பித்தவள் உடனே, "வேணாம், நீங்க போனா வேற எதையாச்சும் தூக்கிட்டு வந்து நிப்பீங்க" என்று ஏறிக்கொண்டாள். நான் மின் துறையில் வயர்மேன். மத்தியானம் டூட்டி இருந்ததால் காக்கிச் சட்டை, காக்கி பேன்ட்டோடே கிளம்பினேன். அவள் கஞ்சி போட்ட பருத்திப் புடவையில், கறுப்பு ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு, ஏதோ ஜில்லா அதிகாரி மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

போகும்போதே பெட்ரோல் போட்டிருக்கலாமே என்று கேட்பீர்கள். கேளுங்கள், நியாயமான கேள்விதான். வாஞ்சூரில், எங்கள் எல்லை முடிகிற இடத்தில் பங்க் இருக்கிறது. அன்றைக்கு அங்கே இருபது வண்டி நின்றது. இருபதும் தமிழ்நாட்டு நம்பர். எல்லை தாண்டி வந்து எங்கள் பெட்ரோலைக் குடித்துவிட்டுப் போகிற கூட்டம். எங்கள் ஊர் பங்க்கில் நான் அவர்களுக்குப் பின்னால் வரிசையில் நிற்பதா? ரத்தம் கொதித்தது. "வரும்போது போட்டுக்கலாம்" என்று வண்டியை விரட்டினேன்.

மாமியார் வீட்டில் சான்றிதழ் இருந்தது. பெட்டிச் சாவிதான் இல்லை. அரிசி டின், மாதா படத்துக்குப் பின்னால், தலையணை உறைக்குள் என்று தேடிக் கடைசியில் சாவி மாமியாரின் இடுப்பிலேயே இருந்தது. அதற்குள் மாப்பிள்ளைக்குக் காபி போட்டாகிவிட்டது. குடிக்காமல் போனால் வருத்தப்படுவார். குடித்தேன். கிளம்பும்போது ஒன்பது ஐம்பது.

நாகப்பட்டினம் பங்க்கைத் தாண்டும்போது முதுகில் ஒரு தட்டு.

"என்னங்க, இங்கயே போட்டுக்குங்களேன்."

"பைத்தியமா உனக்கு? இன்னும் எட்டு கிலோமீட்டர்ல நம்ம ஊரு."

நாகூர் பங்க்கைத் தாண்டும்போது இரண்டாவது தட்டு, கொஞ்சம் பலமாக.

"நேரமாவுதுங்க. கொஞ்சமாச்சும் போடுங்க."

"பார்டர் வரைக்கும் ஓடும்" என்றேன்.

நாகூரைத் தாண்டி, வீடுகள் முடிந்து, இரண்டு பக்கமும் சவுக்கும் கருவேலமுமாக இருக்கிற இடத்தில் வண்டி விக்கியது. பெட்ரோல் குழாயை ரிசர்வுக்குத் திருப்பக் கையை விட்டேன். ஏற்கெனவே ரிசர்வில்தான் இருந்தது. வண்டி இன்னும் இரண்டு முறை விக்கிவிட்டுக் கமுக்கமாக நின்றது. மணி பத்து பன்னிரண்டு.

இதற்கெல்லாம் எங்களிடம் வைத்தியம் உண்டு. அவளை இறங்கச் சொன்னேன். டேங்க் மூடியைத் திறந்து உள்ளே வாயை வைத்து ஊதினேன். பிறகு வண்டியை இடது பக்கமாகத் தரையோடு தரையாகச் சாய்த்து, எங்கேயாவது மூலையில் ஒளிந்திருக்கும் பெட்ரோலை வரவழைத்தேன். உதைத்தேன், கிளம்பிவிட்டது. "பாத்தியா?" என்று திரும்பிச் சிரித்தேன். முந்நூறு அடி தள்ளி மறுபடியும் நின்றது. மறுபடி சாய்த்தேன். இந்த முறை வண்டி சாய்ந்ததுதான் மிச்சம்.

சரி, யாரிடமாவது கொஞ்சம் பெட்ரோல் வாங்குவோம் என்று காரைக்கால் பக்கம் போகிற வண்டிகளைக் கைகாட்டி நிறுத்தினேன். முதலில் நின்றவர் எங்கள் ஊர் நம்பர். இன்ஜினை அணைக்காமலே பேசினார்.

"பெட்ரோலாங்க? எனக்கே மூணு கிலோமீட்டரா டேங்க்க ஆட்டுனா சத்தமே வல்ல, காத்துலதான் போயிட்டிருக்கேன். நின்னுட்டேன்னா கெளம்பாது. கோச்சுக்காதீங்க!" என்று போய்விட்டார்.

அடுத்தவர் நாகப்பட்டினம் நம்பர். அவரும் வாஞ்சூருக்குப் பெட்ரோல் போடத்தான் போகிறார். மூன்றாமவர் தன் வண்டியைத் தள்ளிக்கொண்டே வந்து, என்னைப் பார்த்து, "உங்களுக்கும் போச்சா?" என்று ஆறுதலாகக் கேட்டுவிட்டு, தள்ளிக்கொண்டே போனார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்தச் சாலையில் எல்லையை நோக்கிப் போகிற ஒரு வண்டியிலும் பெட்ரோல் இருக்காது. எல்லாரும் என்னை மாதிரிதான். இத்தனை வருடம் நான் மட்டும்தான் கெட்டிக்காரன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

"பஸ்ல ஏறிப் போயிடறேன்" என்றாள் அவள். ஒரு பஸ் வந்தது. கையை நீட்டினாள். படியில் ஆள் தொங்க, ஹாரன் அடித்துக்கொண்டே பறந்துபோனது. புழுதி அடங்கியதும் பார்த்தால் அவள் கஞ்சி போட்ட புடவை செம்மண் நிறத்துக்கு வந்திருந்தது. அவள் அதைத் தட்டிவிடவில்லை. என்னைப் பார்த்தாள்.

"ஒண்ணு கேக்குறேன், சொல்லுங்க. உங்க டூட்டிக்குப் போவயில ஒரு நாளாச்சும் பெட்ரோல் இல்லாம நடு ரோட்ல நின்னிருக்கீங்களா?"

நான் யோசித்தேன். பதினாறு வருட சர்வீஸ். புயலில் போயிருக்கிறேன், முட்டளவுத் தண்ணீரில் போயிருக்கிறேன். டூட்டிக்குப் போகும்போது ஒரு நாளும் நின்றதில்லை. டூட்டி என்றால் முதல் நாள் சாயங்காலமே போட்டு வைத்துவிடுவேன்.

"அது வந்து..." என்றேன்.

"போதும்" என்றாள்.

செருப்பால் அடித்திருந்தால்கூடத் தேவலை. ஆனால் அதை ஒப்புக்கொண்டுவிட்டால் நான் ஆம்பளையா? "வள்ளுவள்ளுன்னு விழாத, எதுத்தாப்புல வர்ற வண்டியில கேட்டு வாங்குறேன் பாரு" என்று சாலையின் அந்தப் பக்கம் போய் நின்றேன். வாஞ்சூரிலிருந்து வருகிறவன் டேங்க் நிறைய வைத்திருப்பான். கணக்கு சரிதான். ஆனால் வாஞ்சூரில் பெட்ரோலைவிட முக்கியமான இன்னொரு சரக்கும் மலிவு என்பதை நான் மறந்துபோனேன். தமிழ்நாட்டுப் பக்கம் மதுக்கடை மத்தியானம்தான் திறக்கும். எங்கள் பக்கம் காலையிலேயே திறந்துவிடும். காலையில் அந்தச் சாலையில் வருகிறவர்களில் பாதிப்பேர் அதற்காகவே எல்லை தாண்டி வந்து, இடுப்பிலோ சீட்டுக்கு அடியிலோ ஒன்றிரண்டைச் சொருகிக்கொண்டு, போலீஸ் கண்ணில் படாமல் வீடு போய்ச் சேர வேண்டும் என்று வேண்டிக்கொண்டே வருகிறவர்கள்.

அவர்கள் கண்ணுக்கு எதிரே என்ன தெரிகிறது? காக்கி உடுப்பில் மீசை வைத்த ஒரு ஆள் சாலையின் குறுக்கே கையை நீட்டி நிற்கிறான். பின்னால் புடவை கட்டிய ஒரு அதிகாரியம்மா, கையில் ஃபைலோடு, கடுங்கோபத்தில்.

முதல் வண்டி நூறு அடிக்கு முன்னாலேயே சடாரென்று திரும்பி வாஞ்சூருக்கே போய்விட்டது. அதைப் பார்த்து அதன் பின்னால் வந்த இரண்டும் திரும்பின. "ஏங்க! நில்லுங்க! ஒண்ணும் செய்ய மாட்டேன்!" என்று கத்தினேன். அந்த வார்த்தையைக் கேட்டு இன்னொருவன் வண்டியை ரோட்டுக்குக் கீழே இறக்கிச் சவுக்குத் தோப்புக்குள் விட்டுவிட்டான். தோப்புக்குள்ளிருந்து கொஞ்ச நேரம் சத்தம் வந்தது, பிறகு அதுவும் இல்லை.

கடைசியில் ஒருவர் நின்றார். ஐம்பது வயது இருக்கும், கண்ணியமான ஆள். வண்டியை ஸ்டாண்ட் போட்டு, நான் வாயைத் திறப்பதற்குள் இடுப்பிலிருந்து ஒரு குவார்ட்டர் பாட்டிலை எடுத்து என் கையில் வைத்துவிட்டார்.

"ஒண்ணே ஒண்ணுதாங்க சார். பொண்ணுக்கு நிச்சயம் பண்ணியிருக்கோம். கேஸ் மட்டும் வேணாம்."

"ஐயோ, எனக்கு இது வேணாங்க, பெட்ரோல்..."

"பெட்ரோலுக்கு அப்புறமா வேற யார்கிட்டயாச்சும் வாங்கிக்குங்க சார், என்கிட்ட இவ்ளோதான் இருக்கு" என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் பறந்தார். நான் லஞ்சம் கேட்டதாக நினைத்துவிட்டார் என்று புரியவே எனக்கு நேரமாயிற்று. அவர் கொடுத்ததைப் பார்த்து அடுத்து வந்தவனும் கொடுத்தான். ஒருவன் வண்டியை நிறுத்தாமலே என் காலடியில் ஒரு பாட்டிலைப் புல்லில் உருட்டிவிட்டுப் போனான். வேண்டாம் வேண்டாம் என்று நான் கையை ஆட்டினால், பத்தவில்லை என்று எடுத்துக்கொண்டு இன்னொன்று கொடுக்கிறார்கள். பத்து நிமிடத்தில் என்னிடம் ஐந்து பாட்டில் சேர்ந்துவிட்டது. ஒரு சொட்டு பெட்ரோல் இல்லை. ரோட்டில் உடைந்து யார் டயராவது கிழியப்போகிறதே என்று ஐந்தையும் என் வண்டிக்குப் பக்கத்தில் வரிசையாக வைத்தேன்.

அவள் மைல்கல் மேல் உட்கார்ந்துவிட்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை, தோள் குலுங்கியது. கிட்டே போனேன். அழுதுகொண்டிருந்தாள். மணி பத்தரை தாண்டியிருந்தது.

"மாதாவே, ஒரே ஒரு தடவதான கேட்டேன்" என்றாள், என்னிடம் இல்லை. அந்த இடத்திலேயே என்னைக் கொளுத்திக்கொள்ளலாம் போலிருந்தது. அதற்கும் பெட்ரோல் இல்லை.

அப்போதுதான் வாஞ்சூர் பக்கத்திலிருந்து ஒரு ஸ்கூட்டர் வந்தது. ஓட்டி வந்தது கறுப்புப் புர்கா போட்ட ஒரு அம்மா, காரைக்கால் நம்பர். காலுக்கு நடுவில் பெரிய டிபன் கேரியர். நான் கையே காட்டவில்லை. தானாக நின்றார். என்னைப் பார்த்தார், பாட்டில்களைப் பார்த்தார், அழுகிறவளைப் பார்த்தார்.

"காலங்காத்தால அஞ்சு பாட்டிலா? வெக்கமா இல்ல? பொண்டாட்டிய ரோட்ல உக்கார வச்சு அழவக்கிறியா நீ?" என்று பிடித்துக்கொண்டார். நான் விளக்க ஆரம்பித்தேன். ஒரு வார்த்தைகூட நம்பவில்லை. என் மனைவிதான் எழுந்து வந்தாள். எங்கள் பக்கம் முஸ்லிம் அக்காவை லாத்தா என்றுதான் கூப்பிடுவோம்.

"லாத்தா, அவரு குடிக்கல. அதவிட மோசம். பெட்ரோல் போடல. எனக்குப் பதினோரு மணிக்கு இன்டர்வியூ."

"எங்க?"

"காரைக்கால்லதான். ஆஸ்பத்திரி."

"நாகூர்ல போடாம வந்துட்டாரா?"

"ஆமா லாத்தா."

அந்த அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். "எங்க வூட்டு ஆளும் இதே ரகம்தான். சவுதியிலேருந்து லீவுல வந்தா, என்னையும் ஏத்திக்கிட்டு நாகூர்லேருந்து வாஞ்சூர் வரைக்கும் வண்டிய தள்ளிக்கிட்டே வருவாரு. அதுக்குதான் நானே வண்டி ஓட்டக் கத்துக்கிட்டேன்" என்றவர், டிபன் கேரியரைத் தூக்கி என் கையில் கொடுத்தார். "எம்மவளுக்கு மசக்கை. நாகூருக்கு எடுத்துட்டுப் போறேன். வேகமாப் போனா கொழம்பு சிந்திரும். பத்திரமா வச்சிருங்க, திரும்பி வந்து வாங்கிக்கிறேன். ஏறும்மா நீ, பிஸ்மில்லா."

அவள் ஏறினாள். புடவையை இழுத்துச் சொருகிக்கொண்டாள், ஃபைலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஸ்கூட்டர் ஒரு அரைவட்டம் அடித்துப் பறந்தது.

நான் டிபன் கேரியரோடு நின்றேன். கீழே வைத்தால் எறும்பு ஏறும் என்று வண்டியின் ஹேண்டில்பாரில் மாட்டினேன். அந்தச் சமயம் பார்த்து நாகூர் பக்கமிருந்து ஒரு பைக்கில் இரண்டு போலீஸ்காரர்கள் வந்து இறங்கினார்கள். இவர்கள் நிஜப் போலீஸ். முன்னால் இறங்கியவர் ஏட்டு.

"இவன்தான் போல. காக்கி போட்டுக்கிட்டு ஒருத்தன் பாட்டில் புடுங்குறான்னு போன் வந்துச்சு" என்றார் கூட வந்தவரிடம். பிறகு வரிசையாக நின்ற ஐந்து பாட்டிலைப் பார்த்தார், ஹேண்டில்பாரில் தொங்கியதைத் திறந்து பார்த்தார். மேல் அடுக்கில் மீன் வறுவல்.

"சரக்கு, அதுக்குத் தொட்டுக்க, எல்லாம் தோதா வச்சிருக்க. யாருய்யா நீ?"

அடையாள அட்டையை எடுத்துக் காட்டினேன். நடந்ததை முதலிலிருந்து சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே அது பொய் மாதிரிதான் இருந்தது. மாமியாரின் பெட்டிச் சாவி வரைக்கும் சொன்னேன். ஏட்டு முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. "வேணாம்னு சொல்லச் சொல்லக் குடுத்துட்டுப் போனாங்க சார்" என்று முடித்தேன்.

ஏட்டு மெதுவாகக் கீழே குனிந்து பாட்டில்களை எண்ணினார். "நான் இந்த ரோட்ல எத்தன நாள் கால் கடுக்க நின்னுருக்கேன். ஒரு பய தானா வந்து குடுத்தது இல்ல" என்றார். கோபமாகச் சொன்னாரா பொறாமையில் சொன்னாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. ஐந்து பாட்டிலையும் ஒவ்வொன்றாகத் திறந்து கருவேலஞ்செடி வேரில் கவிழ்த்தார். "இனிமே இந்தச் சட்டையோட ரோட்ல நின்னு கை காட்டாத, புரியுதா?"

தலையை ஆட்டினேன். தைரியம் வந்துவிட்டது. "சார், உங்க வண்டியிலேருந்து கொஞ்சம் பெட்ரோல்..."

ஏட்டு கூட வந்தவரைப் பார்த்தார். கூட வந்தவர் வானத்தைப் பார்த்தார்.

"எனக்கும் ரிசர்வ்லதான் ஓடுது. வாஞ்சூர் போய்த்தான் போடணும்" என்றார் ஏட்டு, குரலைத் தாழ்த்தி.

அவரே ஒரு வழியும் சொன்னார். நான் என் வண்டியில் ஏறி உட்கார்ந்துகொள்ள, அவர் பக்கத்தில் ஓட்டிக்கொண்டு தன் இடது காலை என் வண்டியின் பின்பக்கக் கால்வைப்பில் கொடுத்துத் தள்ளினார். அப்படியே போனோம். எதிரே வந்தவர்களுக்கு அது எப்படித் தெரிந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்: காக்கி போட்ட ஒருவனை இரண்டு போலீஸ் உதைத்துக்கொண்டே போகிறார்கள், அவன் ஹேண்டில்பாரில் டிபன் கேரியர் ஆட உட்கார்ந்திருக்கிறான். திரும்பியவர்கள் எத்தனை பேர் என்று நான் எண்ணவில்லை.

எல்லையைத் தாண்டி பங்க்கில் நுழைந்தோம். காலையில் நின்ற வரிசை இன்னும் நீண்டிருந்தது. அத்தனையும் தமிழ்நாட்டு நம்பர், அதில் ஏட்டுடையதும் ஒன்று. வரிசையின் கடைசியில் வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன். பங்க் சுவர் கடிகாரத்தில் பதினொன்று ஆயிற்று, பதினொன்று ஐந்து ஆயிற்று. போய்ச் சேர்ந்தாளா என்று கேட்கலாம் என்றால், அவள் போன் என் சட்டைப் பையில் இருந்தது. சேராமல் இருந்தால் அவள் முகத்தில் நான் எப்படி விழிப்பது? அடுப்படியில் புத்தகத்தைச் சாய்த்து வைத்திருப்பாளே, அந்த எண்ணெய் டப்பாவை நான் எப்படித் தினமும் பார்ப்பது? எனக்கு முன்னால் நின்றவர் வண்டியை நகர்த்தச் சொன்னார். கண்ணைத் துடைத்துக்கொண்டு நகர்த்தினேன்.

பதினொன்றேகால் தாண்டியதும் ஸ்கூட்டர் அம்மா ரோட்டிலிருந்தே என்னைப் பார்த்துவிட்டு பங்க்குக்குள் வந்தார்.

"விட்டுட்டேன்" என்றார். "ரெண்டு நிமிஷம் இருந்துச்சு. கையெழுத்து போட்டத வாசல்ல நின்னு பாத்துட்டுதான் வர்றேன்."

டிபன் கேரியரை நீட்டினேன். அவர் மூடியைத் திறந்து மீனை எண்ணிப் பார்த்தார்; தப்பில்லை, என்னைப் பார்த்தால் யாருக்கும் தோன்றும்.

"ஒரு விஷயம். போற வழி பூரா ஒங்களத் திட்டிக்கிட்டேதான் வந்துச்சு. நல்லா காதுக்கு நெறவா இருந்துச்சு. ஆனா ஆஸ்பத்திரி வாசல் வந்ததும் மொகத்த முந்தானையில தொடச்சிக்கிட்டு, சிரிச்ச மொகமா உள்ள போச்சு பாருங்க..." என்று நிறுத்தினார். "அது கெட்டிக்காரப் பொண்ணு. போடுங்க, போடுங்க, டேங்க் நெறையப் போடுங்க."

போட்டேன். வழியும் வரை போட்டேன்.

ஆஸ்பத்திரி வாசல் வேப்பமரத்தடியில் ஒன்றரை மணி வரை நின்றேன். டூட்டிக்கு லீவு சொல்லிவிட்டேன். அவள் வெளியே வந்தாள். புடவையில் செம்மண் அப்படியே இருந்தது. என்னைப் பார்த்ததும் நடை தயங்கவும் இல்லை, வேகமாகவும் இல்லை.

"எப்படிப் பண்ணின?"

"நல்லாப் பண்ணேன். கேட்டதுக்கெல்லாம் பதில் சொல்லிட்டேன்."

"வேற என்ன கேட்டாங்க?"

"காலையில ஆறு மணி ஷிப்ட்டு இருக்கும்மா, வீடு கோவில்பத்துன்னு போட்டிருக்கே, அங்கேருந்து எப்படி வருவீங்கன்னு கேட்டாங்க."

"நீ என்ன சொன்ன?"

"பஸ்ஸுல வந்துருவேன் சார்னு சொன்னேன்."

சொல்லிவிட்டு அவள் பஸ் நிறுத்தத்தை நோக்கி நடந்தாள். "ஏய், டேங்க் ஃபுல்லா இருக்கு, ஏறு" என்று கூடவே வண்டியை உருட்டினேன். "நீங்க போங்க, நான் பஸ்ல வர்றேன்" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் சமாதானம் செய்திருப்பேன். அவள் சாதாரணமாகச் சொன்னாள். பஸ் வந்தது, ஏறினாள். எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. பஸ்ஸுக்குப் பின்னாலேயே ஓட்டினேன். பஸ் நின்ற நிறுத்தத்தில் எல்லாம் நானும் நின்றேன், கிளம்பியபோது கிளம்பினேன். மூன்றாவது நிறுத்தத்தில் ஜன்னல் வழியாக என்னைப் பார்த்துவிட்டாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்ணிடம் என்னைக் காட்டி ஏதோ சொன்னாள். அந்தப் பெண் எட்டிப் பார்த்தாள். இருவரும் சிரித்தார்கள்.

வேலை கிடைத்துவிட்டது. ஏழு மாதமாகப் போய்க்கொண்டிருக்கிறாள். என்மேல் அவளுக்கு இப்போது கோபம் எதுவும் இல்லை. கோயிலுக்கு, கடைக்கு, அம்மா வீட்டுக்கு எல்லாம் என் வண்டியில்தான் வருகிறாள். வேலைக்கு மட்டும் வர மாட்டாள். ஐந்தரை மணிக்கு நான் வண்டியைத் துடைத்து, ரோட்டைப் பார்க்கத் திருப்பி நிறுத்திவிட்டு, "கொண்டாந்து விடட்டுமா?" என்று கேட்பேன். "வேணாங்க, பஸ்ஸு வந்துரும்" என்பாள். வந்துவிடுகிறது. மழையிலும் வருகிறது, பந்த் என்று அறிவித்த நாளில்கூட ஒரு பஸ் வந்தது. ஒரே ஒரு நாள் அந்த பஸ் நடுவழியில் நின்று தொலையக் கூடாதா என்று ஞாயிற்றுக்கிழமை பூசையில் முழந்தாள் போட்டு நான் மாதாவிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.